ஆமை அவதாரமும் ஆமை எலும்பும்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் ஜனங்களின் பழமொழி. வாய்க்கால் ஓரத்தில் ஊர்ந்து திரியும் ஓர் அற்பப் பிராணி வழி தவறி வாசற்படி ஏறிவிட்டால் அந்தக் குடும்பம் முழுதும் நடுங்குகின்றது. சாந்தி செய்ய வேண்டும், புண்ணியாவாசனம் செய்ய வேண்டும், அதற்குத் தட்சணை கொடுக்க வேண்டும். ஆனால் அதே குடும்பம் காஞ்சிபுரத்துக்குப் போனால், ஆமை வடிவில் விஷ்ணு சிவனைப் பூஜித்தார் என்று சொல்லப்படும் கச்சபேசுவரர் கோயிலில் விழுந்து கும்பிடுகின்றது. ஆந்திர தேசத்து ஸ்ரீகூர்மத்துக்குப் போனால் ஆமையையே மூலவராக வணங்குகின்றது. வீட்டுக்குள் வந்தால் தரித்திரம், கோயிலுக்குள் இருந்தால் தெய்வம்! ஒரே ஆமைக்கு இத்தனை யோக்கியதை எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்பதில்லை.

நிற்க. அந்தப் பழைய சங்கதியை நாம் இன்று பேச வரவில்லை. இப்பொழுது ஒரு புது சங்கதி கிளம்பியிருக்கின்றது. நம் புராணிகர்கள் காலட்சேபத்தில் "சயன்ஸ்" பேச ஆரம்பித்திருக்கின்றார்கள். சிவாலிக் மலையில் பிரம்மாண்டமான ஆமையின் எலும்புகள் கல்லாய்க் கிடைத்ததாம். அதைக் கண்ட வெள்ளைக்காரப் பண்டிதரே இது கூர்மாவதாரம் என்று ஒப்புக்கொண்டாராம். ஆகவே புராணம் பொய்யல்ல, சரித்திரமாம். இதைக் கேட்டுப் படித்தவர்கள்கூடத் தலையை ஆட்டுகின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கின்றார்கள். ஆகையால் அந்த எலும்பு யார் கையில், எப்படிக் கிடைத்தது, அதை வைத்து ஆமையை உருவாக்கியது எப்படி, அந்த வெள்ளைக்காரர் சொன்னது என்ன என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

1830-களில் சஹரன்பூரில் இருந்த அரசாங்கத் தோட்டத்துக்கு அதிகாரியாக இருந்தவர் ஹ்யூ ஃபால்கனர் என்னும் டாக்டர். யமுனைக் கால்வாய் வேலையில் இருந்த இஞ்சினீயர் பிராபி காட்லி என்பவர் அவருக்கு நண்பர். இருவரும் இமயத்தின் அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளில் வெட்டியும் பொறுக்கியும் ஏராளமான கல்லெலும்புகளைச் சேகரித்தார்கள். யானை இனங்கள், நீர்யானை, முதலை, ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒரு பெரிய மிருகம், இவற்றோடு ஒரு மகா பெரிய ஆமையின் ஓட்டுத் துண்டுகளும் கால் எலும்புகளும் கிடைத்தன. 1837-இல் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கம் இருவருக்கும் பதக்கம் கொடுத்தது. அந்த ஒட்டகச்சிவிங்கி உறவுக்கு அவர்கள் வைத்த பெயர் சிவதீரியம். அதாவது சிவனுடைய மிருகம். மலை சிவாலிக் என்பதால் வைத்த பெயர். இதைக் கேட்டுச் சைவர்கள் ஆனந்தக் கூத்தாடாமல் இருக்க வேண்டுமே என்பது நம் கவலை.

இந்த எலும்புகள் அவர்கள் வந்த பிறகுதான் பூமியிலிருந்து முளைத்தனவா? இல்லை. மழை பெய்து மண் கரையும் போதெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அவை வெளியே வந்துகொண்டுதான் இருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டிய போது பெரிய பெரிய எலும்புகள் கிடைத்ததாக ஃபெரிஷ்டா என்னும் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கின்றார். அவற்றில் சில மனிதனுடைய கை எலும்பென்றும், மூன்று கஜ நீளமென்றும் எண்ணினார்கள். அவ்வளவோடு விஷயம் முடிந்தது. எலும்பு என்றால் ராட்சதன் எலும்பு, ராட்சதன் என்றால் யாரோ ஒரு தேவன் கொன்றது. அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. நம் பக்கத்திலும் இதே கதைதான். திண்டிவனத்துக்கு அருகில் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன. அவற்றை அசுரனுடைய எலும்பு என்று சொல்லி வந்தவர்கள் உண்டு. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே சுருள் சுருளாகத் தெரிவது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து செத்த ஒரு பிராணியின் ஓடு. நம்மவர்கள் அதைப் பெட்டியில் வைத்து, பால் ஊற்றி, தீர்த்தம் குடித்தார்களே ஒழிய, கடல் பிராணி இமயமலைக்கு எப்படி வந்தது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் இமயமலை ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை நாமே முதலில் கண்டுபிடித்திருப்போம். கும்பிட்ட கைக்கு உடைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

இனி அந்த வெள்ளைக்காரர் சாட்சியைப் பார்ப்போம். ஃபால்கனர் புராணத்தை எடுத்துப் பேசினார் என்பது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. 1844-இல் லண்டனில் அந்த ஆமையைப் பற்றிப் பேசிய போது, பூமியைத் தாங்கும் ஆமை, விஷ்ணுவின் ஆமை அவதாரம், கருடன் தூக்கிச் சென்ற யானையும் ஆமையும் ஆகிய கதைகளை எடுத்துச் சொன்னார். இந்தப் பெரிய ஆமை மனிதன் தோன்றிய பிறகும் உயிரோடிருந்திருக்கலாம், அந்த ஞாபகமே இப்படிக் கதையாக மாறியிருக்கலாம் என்று ஊகித்தார். வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கர் சொல்லும் அட்லஸ் என்பவனுடைய பெயரை அதற்கு வைத்தார். ஆனால் அவர் சொன்னதற்கு அர்த்தம் என்ன? ஜனங்கள் ஒரு மிருகத்தைப் பார்த்தார்கள், பிறகு அதைப் பற்றிக் கதை கட்டினார்கள் என்பதுதானே? கடவுள் ஆமையாகப் பிறந்தார் என்றா சொன்னார்? கதை கட்டினார்கள் என்று சொன்னவரை, கதை மெய் என்பதற்குச் சாட்சியாக அழைப்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் போக, அவருடைய ஊகமே பிற்காலத்தில் நிற்கவில்லை. அந்த ஆமை கிடைத்த மண் அடுக்குகள் சுமார் இருபது லட்சம் வருஷத்துக்கு முற்பட்டவை. நம் மனித ஜாதி தோன்றியே சுமார் மூன்று லட்சம் வருஷந்தான் ஆகின்றது. ஆமை செத்துக் கல்லாகிப் பல லட்சம் வருஷத்துக்குப் பிறகு பிறந்தவனுக்கு அதன் ஞாபகம் எப்படி வரும்?

அளவைப் பார்த்தாலோ கதை இன்னும் நாறுகின்றது. பாற்கடலைக் கடைந்த போது மந்தர மலையைத் தாங்கிய ஆமையின் முதுகு லட்ச யோசனை விஸ்தாரம் என்கின்றது பாகவதம். யோசனை என்பதை ஐந்து மைல் என்பாரும் உண்டு, எட்டு மைல் என்பாரும் உண்டு. நாம் தாராளமாகக் குறைத்து ஐந்து மைல் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் மைல். பூமியின் குறுக்களவு எவ்வளவு? எட்டாயிரம் மைலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது அறுபது பூமிகளை வரிசையாக அடுக்கினாலும் இந்த ஆமையின் முதுகில் இடம் மிச்சம். இங்கிருந்து சந்திரனுக்கே இரண்டு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் மைல்தான். இந்த ஆமை எந்தக் கடலில் முழுகிற்று? அந்தக் கடல் எந்தப் பூமியில் இருந்தது?

பாரதத்தில் வரும் ஆமை கொஞ்சம் அடக்கமானது. சொத்துச் சண்டையில் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட இரண்டு சகோதரர்களில் ஒருவர் யானையாகவும் ஒருவர் ஆமையாகவும் ஆனார்களாம். அந்த ஆமைக்கு உயரம் மூன்று யோசனை, சுற்றளவு பத்து யோசனை. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். சுற்றளவு பத்தென்றால் குறுக்களவு மூன்றுக்குச் சற்று மேல். உயரமும் மூன்று. ஆகவே அது ஆமையல்ல, பந்து! கதை எழுதியவர் ஆமையை நேரில் பார்த்திருந்தாலும் அளந்து பார்க்கவில்லை என்பது நிச்சயம். இவற்றோடு சைவர்களின் கதை வேறு. கர்வம் பிடித்த அந்தக் கூர்மத்தைச் சிவன் அடக்கி, அதன் ஓட்டைத் தன் மார்பில் மாலையாக அணிந்துகொண்டாராம். அப்படியானால் ஓடு கைலாயத்தில் சிவன் மார்பில் அல்லவா இருக்க வேண்டும்? சிவாலிக் மண்ணுக்குள் எப்படி வந்தது? இதற்கு வைஷ்ணவரும் சைவரும் முதலில் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பிறகு சயன்ஸ்காரரிடம் வரட்டும்.

இப்போது எலும்பின் அளவுக்கு வருவோம். ஃபால்கனருக்குக் கிடைத்தது முழு ஆமையல்ல. உடைந்த துண்டுகள். அவர் உயிரோடிருக்கும் பெரிய நில ஆமைகளின் உறுப்புகளை அளந்து, அந்த விகிதத்தில் இந்தத் துண்டுகளைப் பெருக்கி, தலை முதல் வால் வரை பதினெட்டு அடிக்கு மேலும், நின்றால் ஏழடி உயரமும் இருக்கும் என்று சொன்னார். அது தப்பு. எல்லா உறுப்பும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. ஒரு ஜாதிக்கு ஏதாவது ஒரு பாகம் இயல்பிலேயே பெரிதாக இருக்குமானால், அந்தப் பாகத்தை வைத்துக் கணக்குப் போடும்போது மொத்த உருவமும் ஊதிவிடும். பின்னால் வந்த லிடெக்கர் முதலியவர்கள் இந்தக் கணக்கை வெட்டிக் குறைத்தார்கள். 1920-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பார்னம் பிரவுன் சிவாலிக்கிலிருந்து ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டு போய், நியூயார்க் பொருட்காட்சி சாலையில் ஒட்டுப் போட்டு நிறுத்திய போது உண்மை தெளிவாயிற்று. ஓடு ஆறேழு அடி. எடை சுமார் ஒரு டன். பதினெட்டு அடி போன இடம் தெரியவில்லை. அட்லஸ் என்று வைத்த பெயர் மட்டும் மிஞ்சியிருக்கின்றது.

வைதிகர்கள் இதைக் கேட்டால், "பார்த்தீர்களா, உங்கள் சயன்ஸ் நேற்றொன்றும் இன்றொன்றும் சொல்கின்றது" என்பார்கள். ஆம், சொல்கின்றது. அதுதான் அதன் யோக்கியதை. ஃபால்கனரைத் திருத்தியவர்களை யாராவது ஜாதியை விட்டுத் தள்ளினார்களா? நரகத்துக்குப் போவாய் என்றார்களா? அவர் பொறுக்கி வைத்த எலும்பு அங்கேயே அலமாரியில் இருந்தது. நாடாவை எடுத்து மறுபடி அளந்தார்கள், அவ்வளவுதான். லட்ச யோசனையில் ஒரு யோசனையைக் குறைக்கும்படி இன்றுவரை எந்தப் புராணிகருக்காவது தைரியம் வந்ததா?

எலும்பைக் கொண்டு உருவாக்குவது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு கவனம் வேண்டியிருக்கின்றது என்பதற்கு இன்னொரு ஆமையைச் சொல்லுகிறோம். நம் குளங்களில் பாலாமையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் மற்ற ஆமைகளைப் போலக் கொம்புத் தகடுகள் இல்லை, தோல்தான் போர்த்தியிருக்கின்றது. இந்த மென்னோட்டு ஆமைக் கூட்டத்தில், நடுவில் தட்டுப் போல எலும்பு இருக்கும். ஓரம் தோலும் குருத்துமாக இருக்கும். செத்தால் ஓரம் அழுகிப் போகும், தட்டு மட்டும் மிஞ்சும். ஆகவே மண்ணுக்குள்ளிருந்து எலும்புத் தட்டு கிடைத்தால், ஆமை அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. ஓரம் எவ்வளவு அகலம் என்பதை உயிரோடிருக்கும் உறவுகளைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த எலும்பின் மேற்புறம் அம்மை போட்ட முகம் போலக் குழி குழியாக இருக்கும். அதனால் உள்ளங்கையளவு துண்டு கிடைத்தாலும் இன்ன கூட்டத்து ஆமை என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டம் தெரிந்துவிடும். அளவுதான் தெரியாது. விலா எலும்பின் நுனி தட்டுக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கின்றது, துண்டு முதுகின் எந்த இடத்தைச் சேர்ந்தது, எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பத்து உயிருள்ள ஆமைகளோடு ஒப்பிட்டு, இவ்வளவுக்குக் குறையாது, இவ்வளவுக்கு மேற்படாது என்று இரண்டு எல்லை கட்டுவார்கள். ஒற்றை அளவை அடித்துச் சொல்பவனை அந்தத் தொழிலில் நம்பமாட்டார்கள்.

பாகிஸ்தானத்தில் சுலைமான் மலைத்தொடரில் கிடைத்த அப்படிப்பட்ட ஒரு மென்னோட்டு ஆமைக்கு 1999-இல் டிராசிண்டெரீடிஸ் என்று பெயர் வைத்தார்கள். சுமார் நான்கு கோடி வருஷத்துக்கு முற்பட்டது. ஆற்றில் அல்ல, கடலில் வாழ்ந்தது. மிகப் பெரிய துண்டுகளை வைத்துப் பார்த்தால், தோல் விளிம்பையும் சேர்த்து ஓடு மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குக் குறையாது என்று மதிப்பு. ஆனால் அந்தப் பெரிய துண்டுகள் இதே ஜாதியைச் சேர்ந்தவைதானா என்பது உறுதியில்லை என்று அவர்களே எழுதியிருக்கின்றார்கள். நாலு கோடி வருஷத்துக்கு முந்திய ஆமையைப் பற்றிப் பேசும்போது, "உறுதியில்லை" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதும் யோக்கியம் எங்கே, பிரளய காலத்தில் நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது போல வர்ணிக்கும் வாய் எங்கே!

அந்தக் கடலுக்கு டெத்திஸ் என்று பெயர். தெற்கேயிருந்து நம் இந்திய நிலம் நகர்ந்து வந்து ஆசியாவோடு மோதிய போது நடுவில் சிக்கி மறைந்து போன கடல் அது. மோதின இடத்தில் எழும்பினதுதான் இமயம். மலை உண்டாவதற்கு முன் அங்கே கடல் இருந்தது, கடலில் பெரிய ஆமை இருந்தது. இதுவரைக்கும் புராணிகருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கடல் உப்புக் கடல். பாலல்ல. மலை கடலைக் கடையவில்லை, கடலடியே மலையாயிற்று. ஆமை எதையும் சுமக்கவில்லை; மீனோ நத்தையோ தின்று வாழ்ந்து, செத்து, சேற்றில் புதைந்தது.

தசாவதாரமே டார்வின் சொன்ன பரிணாமம் என்று பேசுவோருக்கும் ஒரு வார்த்தை. மீன், ஆமை, பன்றி, பாதிச் சிங்கம், குள்ளன் என்று வரிசை போட்டு, "பார்த்தாயா, எங்கள் ரிஷிகளுக்கு முன்பே தெரியும்" என்கின்றார்கள். தவளை எங்கே? பல்லி எங்கே? குரங்கை ராமனுக்கு வேலைக்காரனாக வைத்தார்களே ஒழிய அவதாரத்தில் சேர்க்கவில்லையே! ஆமைக்குப் பிறகு பன்றி வந்தது என்றால் ஆமை பன்றியாயிற்றா? ஆமை ஆமையாகவேதான் இருக்கின்றது. பரிணாமம் ஏணிப்படியல்ல, மரக்கிளை. ஆமை எப்படி ஓடு பெற்றது என்பதற்கும் எலும்பு கிடைத்திருக்கின்றது. சீனாவில் கிடைத்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆமை சுமார் 22 கோடி வருஷத்துக்கு முற்பட்டது. அதற்கு வயிற்றுப் பக்கம் ஓடு முழுதாக இருக்கின்றது, முதுகில் அரைகுறை. வாயில் பல்லும் இருக்கின்றது. அரை ஓட்டு ஆமையை எந்த ரிஷி பாடினார்?

இவ்வளவையும் நாம் செத்துப் போன ஆமைக்காக மட்டும் எழுதவில்லை. மென்னோட்டு ஆமைகளில் இன்று உயிரோடிருப்பவற்றுள் மிகப் பெரியது வியட்நாமிலும் சீனாவிலும் இருந்த ஒரு ஜாதி. ஹனோய் நகரத்து ஏரியில் இருந்த ஒன்றைத் தெய்வமாகப் பாவித்தார்கள். லே லோய் என்ற அரசனிடமிருந்து தெய்வ வாளைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஆமையாம் அது. அவன் பதினைந்தாம் நூற்றாண்டுக்காரன். கதை பேசினார்கள், ஏரியோ சாக்கடை கலந்து நாறிற்று. 2011-இல் புண் பிடித்த அந்தக் கிழ ஆமையை வலை போட்டுப் பிடித்து வைத்தியம் பார்த்த போது எடை 169 கிலோ இருந்தது. 2016 ஜனவரியில் செத்துப் போயிற்று. இப்பொழுது கோயிலில் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றார்கள். சீனாவில் சூசோ நகரத்து மிருகக்காட்சி சாலையில் இருந்த பெண் ஆமை 2019-லும், ஹனோய்க்கு அருகில் வேறொரு ஏரியில் இருந்த பெண் ஆமை 2023-லும் செத்தன. செத்த ராட்சத ஆமையை அளப்பதற்கு உயிருள்ள பெரிய ஆமைதான் அளவுகோல் என்று மேலே சொன்னோமே, அந்த அளவுகோல்தான் இப்படி ஒவ்வொன்றாக ஒடிந்து போகின்றது.

சட்டகாங்கில் பாயெசித் பொஸ்தாமி தர்காக் குளத்தில் கறுப்பு மென்னோட்டு ஆமைகள் இருக்கின்றன. ஜின்களை மகான் சபித்து ஆமையாக்கினார் என்று அங்கே முஸ்லிம்கள் சொல்லி ரொட்டியும் பழமும் போடுகின்றார்கள். அஸ்ஸாமில் ஹாஜோ மாதவர் கோயில் குளத்திலும் அதே ஜாதி ஆமை. அங்கே அது விஷ்ணு. ஒரு கரையில் பேய், மறு கரையில் கடவுள்! ஆற்றில் அந்த ஜாதி அற்றே போயிற்று என்று 2002-இல் எழுதிய போது, குளத்தில் மிஞ்சியவை மிஞ்சியிருந்தன என்பதை நாம் மறுக்க மாட்டோம். குளம் காப்பாற்றியது வாஸ்தவம். ஆனால் அஸ்ஸாமில் ஆற்றோரம் தேடி அலைந்து, ஆற்றிலும் இன்னும் இருக்கின்றது என்று பிறகு கண்டவர்கள் பக்தர்களல்ல. குளத்து முட்டைகளைப் பொறுக்கி, சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, ஆற்றில் கொண்டுபோய் விடுகின்றவர்களும் சாபக் கதையைப் படித்துவிட்டு வந்தவர்களல்ல.

கூர்மாவதாரத்துக்கு எலும்பு சாட்சி இருக்கின்றது என்று இனி எந்த ஊரிலாவது காலட்சேபம் நடந்தால் தோழர்கள் எழுந்து மரியாதையாக ஒன்று கேளுங்கள். சிவாலிக் ஆமைக்கு ஓடு ஏழடி, அது பொருட்காட்சி சாலையில் இருக்கின்றது, போய் அளக்கலாம். லட்ச யோசனை ஆமையின் ஓடு வேண்டாம், கால் வேண்டாம், ஒரு நகத் துண்டு எங்கே இருக்கின்றது என்று பாகவதரைச் சொல்லச் சொல்லுங்கள். நாடாவை நாம் கொண்டு வருகின்றோம்.